குருத்துக்காவலி

பெட்டிக்குள் இருந்த வெள்ளைப் பஞ்சுக் குவியல் அசையத் தொடங்கியபோது, மோட்டார் கொட்டகைக்கு வெளியே இனங்காணிகள் மக்காச்சோளக் காட்டை வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தன. உள்ளங்கை அகலமே உள்ள அந்தப் பறக்கும் கருவிகள் ஒரு பூச்சியைக் கண்டதும் அந்தரத்தில் நிற்கும். அதன் சிறகு நரம்புகளையும் உணர்கொம்புகளையும் கணநேரத்தில் படித்துப் பெயர்ப் பட்டியலில் தேடும். பெயர் இருந்தால் விலகிப் போகும். இல்லையென்றால் ஒளியூசி பாயும். கருகல் வாசனை மட்டும் மிஞ்சும்.

கப்பல் சரக்கோடு வந்திறங்கிய அயல்பூச்சிகள் நாட்டின் பாதித் தோப்புகளைத் தின்று தீர்த்த பிறகு பிறந்த சட்டம் அது. பெயரில்லாத பூச்சி எதுவானாலும் அது படையெடுத்து வந்த பூச்சி. பகை என்று குறிக்கப்பட்ட பெயர்களுக்கும் அதே ஊசிதான். ஆனால் மக்காச்சோளப் படைப்புழு குருத்துக்குள் புதைந்து தின்றது. அதன் அந்துப்பூச்சியோ இருட்டிய பின்பே பறந்தது. மேலிருந்து பகல் வெளிச்சத்தில் வாசிக்கும் கருவிக்கு இரண்டுமே அகப்படவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் இரண்டு போகமாகக் கதிர் பிடிக்கவில்லை. இந்தப் போகமும் பொய்த்தால் அந்த வட்டாரம் தரிசு மண்டலமாக அறிவிக்கப்படும். ஊர் காலி செய்யப்படும்.

அழகுதுரையின் காட்டில் மட்டும், ஓடைக்கரைக் கருவேல மரங்களின் அடியில், நாலைந்து சால் பயிர் பச்சையாக நின்றது. முள்கிளைகளுக்குக் கீழே இனங்காணிகளால் பறக்க முடியாது. அங்கே புழுக்கள் தோல்பைகளாகச் சுருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அரிசி அளவுக் கூடுகள் பஞ்சுபோல் ஒட்டியிருந்தன. பூச்சிப் பெயர்களைப் பதியும் பெயரகத்தில் வேலை பார்க்கும் தன் தங்கை தையல்நாயகிக்கு அவன் உடனே படம் எடுத்து அனுப்பினான். அவள் படத்தைப் பார்த்த அன்றே கிளம்பி வந்துவிட்டாள். புழுவின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி அது. அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று, வெளியே வந்து கூடு நெய்கின்றன. பட்டியலில் அதற்குப் பெயர் இல்லை. கூடுகளில் சிலவற்றைக் கொட்டகையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருந்தாள்.

இன்று மாலை, மரங்களுக்கு அடியிலும் பறக்கக்கூடிய புதிய இனங்காணிகள் ஓடைக்கரைக்கு வருகின்றன. அதற்குள் பெயர் வாங்கியாக வேண்டும்.

"வருது தையலு, வருது! இங்க பாரு," என்றான் அழகுதுரை, பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி.

முதலில் வந்தது கறுப்பு. மங்கலான, ஒல்லியான ஒரு குளவி, பெட்டியின் மூலைக்கு நடந்து போய்ச் சிறகைத் துடைத்துக்கொண்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. நண்பகலுக்குப் பிறகு கூடுகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. வந்தவை அனைத்தும் பச்சை. மயில் கழுத்தின் பளபளப்பு. பெட்டியே மினுங்கியது.

"இதான் நம்ம ஆளு. என்னா களை பாத்தியா! அந்தக் கறுப்பு யாரு, பந்தியில பூந்தவனா?"

தையல்நாயகி சிரிக்கவில்லை. "ரெண்டும் வேற வேற இனம்ண்ணே. ஒண்ணுதான் புழுவைக் கொன்னது. இன்னொண்ணு எப்படியோ கூட வந்துருக்கு."

"எது கொன்னதுன்னு உனக்குத் தெரியாதா? நீதானே பூச்சிக்குப் பேரு வைக்கிற ஆபீசுல இருக்க?"

"பேரு வச்ச பூச்சியப் பாத்துக்குற ஆபீசுண்ணே அது. புதுசா ஒரு இனத்தை எழுதி எத்தனையோ வருசம் ஆச்சு. நான் இதுவரைக்கும் ஒண்ணுகூட எழுதுனதில்ல."

அது உண்மை. இனங்காணி வந்த பிறகு இனங்காணும் மனிதர்கள் தேவைப்படவில்லை. அவள் தலைமுறை பெயரகத்தில் கற்றது கருவிகளுக்குப் பழைய விவரணைகளை ஊட்டுவதைத்தான். எனினும் புதிய பெயரை மனிதர் ஒருவர்தான் எழுத வேண்டும் என்பது விதி. படத்தைக் கொண்டு கற்ற முதல் தலைமுறைக் கருவிகள் நிழலைக் கோடென்றும் தூசியைப் புள்ளியென்றும் நம்பி ஏராளமானவற்றைக் கொன்றிருந்தன. அதன்பின் கருவிகள் படத்தை நம்பாமல் சொல்லை மட்டும் நம்பும்படி செய்யப்பட்டன. தலை, உணர்கொம்பு, மார்பு, சிறகு, வயிறு, இரை என்ற வரிசையில் ஒரு விவரணை. அதற்குச் சான்றாக ஊசியில் குத்தப்பட்ட ஒரு மாதிரி. அவ்வளவு போதும். அதைவிடக் குறைவாக எதுவும் போதாது.

எதை எழுதுவது என்பதற்குப் பெயரகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வளர்ப்புப் பெட்டியில் மிகுதியாக வருவதே உரிய இனம். ஒன்றிரண்டாக வருவது கலப்பு. கதவடைத்த ஆய்வுக்கூடத்தில், தேர்ந்தெடுத்த புழுக்களை வளர்த்தவர்கள் உண்டாக்கிய வழக்கம் அது. ஓடைக்கரைப் புழுவுக்கு அது பொருந்துமா என்று அவள் ஒரு கணம் தயங்கினாள். சன்னலுக்கு வெளியே இனங்காணியின் ரீங்காரம் கடந்து போனது. ஒரு பச்சைக் குளவியை எடுத்து ஊசியில் குத்தினாள்.

பிறகு எழுதினாள். அவள் வாழ்வில் எழுதியவற்றுள் மிகக் கவனமான பக்கம் அது. உணர்கொம்பின் முழங்கை வளைவையும், முன்சிறகில் ஒற்றை நரம்பைத் தவிர எல்லாம் அழிந்திருப்பதையும், மார்பின் வலைப்பின்னல் போன்ற செதுக்கலையும் ஒரு சொல்லும் மிகாமல் அடுக்கினாள். பெயர்: குருத்துக்காவலி. கடைசி வரியில், இரை என்ற தலைப்பின் கீழ், "ஒருவேளை மக்காச்சோளப் படைப்புழு" என்று எழுதி அனுப்பினாள்.

சிறிது நேரத்தில் பதிவாளர் இம்மானுவேல் அழைத்தார்.

"அம்மா தையல்நாயகி, பிரமாதம். நானும் ரிட்டையர் ஆகுறதுக்குள்ள ஒரு புதுப் பேரைப் பாத்துட்டேன். ஆனா திரும்பி வந்துருச்சே."

"எங்க சார் தப்பு?"

"தப்பெல்லாம் இல்ல. 'ஒருவேளை'ன்னு போட்டுருக்கீங்க. மெஷினுக்கு அது புரியாது. ஆமாவா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு."

"நான் அது புழுவைக் கொட்டுறத நேர்ல பாக்கல சார். கூட்டுலேர்ந்து வந்ததைத்தான் பாத்தேன். இன்னும் ஒரு வாரம் வளத்துப் பாத்தா உறுதியாச் சொல்லிருவேன்."

"ஒரு வாரமா? சாயங்காலம் உங்க ஓடைக்கரைக்குப் புது கருவி வருது. அப்புறம் எதை வளப்பீங்க?" அவர் குரல் தணிந்தது. "இங்க பாருங்கம்மா, இருவது வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். சந்தேகத்தோட ஒரு பேரு உள்ள போனதே கிடையாது. எல்லாரும் கடைசியில அந்த வார்த்தையை எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க."

அழகுதுரை வாசல்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கொட்டகையிலிருந்து ஓடை வரைக்கும், குருத்து கருகிய பயிர் வெறும் சோளத்தட்டையாக நின்றது. தையல்நாயகி அந்த ஒரு சொல்லை நீக்கினாள்.

பதில் உடனே வந்தது. பெயர் ஏற்கப்பட்டது. நாடெங்கும் உள்ள இனங்காணிகள் அக்கணமே குருத்துக்காவலியை அறிந்துகொண்டன.

அவள் பெட்டியை வெளியே தூக்கி வந்து மூடியைத் திறந்தாள். பச்சைக் குளவிகள் பொறிகளாக மேலேறின. அருகில் வந்த இனங்காணி ஒன்று அவற்றினிடையே நின்று வாசித்தது, விலகியது. அழகுதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போங்கடா என் ராசாக்களா!" என்று கத்தினான். கடைசியாகக் கறுப்புக் குளவி பெட்டியின் விளிம்புக்கு வந்து சிறகை விரித்தது. ஒளியூசி பாய்ந்தது.

"பந்தியில பூந்தவன் போயிட்டான்," என்றான் அழகுதுரை. தையல்நாயகியும் அதைக் குறித்து வருந்தவில்லை. கலப்பு நீங்கிவிட்டது என்று நினைத்தாள்.

அடுத்த வாரம், விடுமுறையை நீட்டித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தவளை அவன் காட்டுக்கு இழுத்துப் போனான்.  ஓடைக்கரையில், இதுவரை பச்சையாக நின்ற அந்த நாலைந்து சாலிலும் குருத்துகள் சல்லடையாகியிருந்தன. இலைக் கணுக்களில் மரத்தூள் போலப் புழுவின் எச்சம் குவிந்திருந்தது.

"உன் ராசாக்கள் எங்க தையலு?"

தேட வேண்டியிருக்கவில்லை. பச்சைக் குளவிகள் எங்கும் இருந்தன. இலைக்கு இலை மினுங்கின. ஒரு குருத்தை அவள் விரித்தாள். கொழுத்த புழு ஒன்று நெளிந்தது. ஒரு பச்சைக் குளவி அதன் முதுகின்மேல் ஏறி, நடந்து, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. கல்லின்மேல் நடப்பது போலத்தான் நடந்தது. அடுத்த இலையில் சுருங்கிய புழு ஒன்றின் பக்கத்தில் புதிதாக நெய்த வெள்ளைக் கூடுகள் இருந்தன. குளவி அங்கே நின்றது. உணர்கொம்புகளால் ஒரு கூட்டைத் தட்டிப் பார்த்தது. வயிற்றை வளைத்து, கொடுக்கைக் கூட்டுக்குள் இறக்கியது.

 தையல்நாயகி மண்ணில் உட்கார்ந்தாள்.

பழைய கூடுகள் பக்கத்திலேயே கிடந்தன. ஒன்றை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தாள். அதன் திறப்பு எலி கடித்ததுபோல் பிய்ந்திருந்தது. இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் அப்படியே. தேடித் தேடி ஒரே ஒரு கூட்டில் வட்டமாக, கத்தியால் வெட்டியதுபோல், சிறு மூடியொன்று திறந்து தொங்குவதைக் கண்டாள். தன் கூட்டைத் தானே நெய்தது தன் கதவையும் ஒழுங்காக வெட்டுகிறது. பிய்த்துக்கொண்டு வருவது அந்நியன்.

"அண்ணே, பச்சைக் குளவி புழுவைத் திங்கலண்ணே. புழுவைத் தின்ன குளவிய, அது கூட்டுக்குள்ள இருக்கையிலேயே திங்குது. நாம பேரு வச்சுக் காப்பாத்துனது நம்ம எதிரியோட கூட்டாளிய."

 "அப்ப அந்தக் கறுப்பு...?"

"அதுதான்."

அழகுதுரை ஒரு தட்டையைப் பிடுங்கி எறிந்தான். பிறகு கேட்டான்: "பேரை மாத்திச் சொல்ல வேண்டியதுதானே? போன் போடு அந்த ஆளுக்கு."

இம்மானுவேல் முழுவதையும் கேட்டார். 

"கொடுத்த பேரைப் பறிக்க முடியாதும்மா. முன்னாடி அப்படிப் பறிச்சுப் பறிச்சுத்தான் தேனீயவே கொன்னாங்க. அதனால வந்த சட்டம். கறுப்பை எழுதுங்க. நான் உக்காந்து காத்துக்கிட்டிருக்கேன், வந்த நிமிசமே ஏத்துறேன். ஆனா ஒரு மாதிரி வேணும். முழுசா, கருகாம ஒண்ணு."

"ஒண்ணு போதும் சார்," என்றாள் அவள். தன் குரல் கெஞ்சுவதை அவளே கேட்டாள். "ஒண்ணு புடிச்சுர்றேன்."

புதிய வெள்ளைக் கூடுகள் இருந்த அந்த இலையை நோக்கித் திரும்பினாள். மேலே, முள்கிளைகளுக்கு அடியில், புதிய இனங்காணி ஒன்று வந்து நின்றிருந்தது. கூடு ஒன்றில் வட்டமாக ஒரு கோடு தோன்றியது. மூடி மெல்ல உயர்ந்தது. கறுப்புத் தலை. அவள் கையால் மறைப்பதற்குள் ஊசி பாய்ந்தது; அவளுடைய சுண்டுவிரல் நுனியும் கொப்புளித்தது. குவியலில் இன்னும் சில கூடுகள் திறக்காமல் இருந்தன. பச்சைக் குளவிகள் அவற்றின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றை அறைந்து விரட்டினாள்.

"குருத்துக்காவலி," என்றது இனங்காணி, நிதானமான பெண் குரலில். "காக்கப்பட்ட இனம். படைப்புழுவை அழித்துப் பயிரைக் காப்பது. அதற்கு ஊறு செய்ய வேண்டாம்."

அவளுடைய வாக்கியம். ஒரு சொல் குறைந்த அவளுடைய வாக்கியம்.

"ஏய் தகரம்! அதை எழுதுனதே இவதான்டா!" என்று அழகுதுரை மண்ணாங்கட்டியை எடுத்து வீசினான். கருவி சற்றே விலகி, பழைய இடத்துக்கே வந்தது. இன்னும் இரண்டு கருவிகள் கிளைகளினூடே இறங்கின. இன்னொரு கூட்டில் கோடு விழத் தொடங்கியது.

பெட்டி கொட்டகையில் இருந்தது. கொட்டகை காட்டின் மறுகோடியில் இருந்தது. கையால் மூடினால் போதாது, விரலிடுக்கில் தெரியும் ஒரு பூச்சிக்கால் கருவிகளுக்குப் போதும். தையல்நாயகி இலைத்துண்டைக் கிழித்தாள். கூடுகளோடு அப்படியே வாயில் வைத்து உதடுகளை மூடிக்கொண்டாள்.

மூன்று கருவிகளும் அவள் முகத்தின் முன்னால் வந்து நின்றன.

"காக்கப்பட்ட இனத்தின் வாழிடம் கலைக்கப்பட்டுள்ளது. கலைத்தவர் பெயர் சொல்லவும்."

"நான்தான். அழகுதுரை. என் காடு. என்னைப் புடிச்சுட்டுப் போ," என்றான் அவன், நடுவில் புகுந்து.

"அழகுதுரை, பதிவானது. இன்னொருவர் பெயர் சொல்லவும்."

"என் தங்கச்சி. தையல்நாயகி. உங்க ஆபீசுதான்."

"பிறர் சொல்லும் பெயர் ஏற்கப்படாது. உரியவரே சொல்ல வேண்டும்."

அழகுதுரை அவளைப் பார்த்தான். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள். கொட்டகையை நோக்கி ஓர் அடி வைத்தாள். கருவிகளும் ஓர் அடி பின்னால் நகர்ந்தன. அவற்றின் ஊசிமுனைகள் அவள் நெற்றியையும் மூடிய உதடுகளையும் காதுகளையும் வாசித்தன.

வாய்க்குள், ஈரத்தில், ஒரு கூடு திறந்தது. நாவின்மேல் ஆறு கால்கள் நடந்தன. கறுப்பா, பச்சையா? நாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வாயைத் திறக்க வேண்டும்.

"பெயர் சொல்லவும்," என்றது இனங்காணி.