பட்டினி தொடங்கிய நாள்

மூன்று வருஷமாக வெறும் தண்ணீரில் ஈஸ்ட் கிடந்த குடுவையிலிருந்து மாவு புளித்த வாசனை வந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. விடுமுறை நாள் மத்தியானம். குளிர் அறையில் பேராசிரியரைத் தவிர ஈ காக்கை இல்லை. குடுவையில் ஒட்டிய சீட்டில் பெரியக்காவின் சாய்ந்த கையெழுத்து: பட்டினி தொடங்கிய நாள். கீழே தேதி.

அவரிடம் ஆராய்ச்சி செய்த மூத்த மாணவி; ஆய்வகமே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. ஈஸ்ட் செல்லைப் பட்டினி போட்டால் அது உடனே செத்துவிடாது. குரோமோசோம்களை இறுக்கிச் சுருட்டி, மரபணுக்களின் வாயை அடைத்து, சர்க்கரை கிடைக்கும் நாளுக்காகக் காத்துக் கிடக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைக் கண்டுபிடித்தவள் அவள். கட்டுரை எழுதிப் பேர் வாங்கியது இவர்.

"அது நான் செஞ்ச வேலை சார்," என்று அப்போது வந்து நின்றாள்.

"வாயை மூடிட்டு இருந்தா வேலையாவது மிஞ்சும்."

மூடிக்கொண்டாள். வாடகை அறையில் அன்ன ஆகாரமில்லாமல் சுருண்டு கிடந்தவளை, கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

அந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று பார்க்க நாளை விசாரணைக் குழு வருகிறது. சீட்டிலிருந்த தேதி அவர் கட்டுரைக்கு ஒரு வருஷம் முந்தியது. அதை யாராவது பார்த்தால் அவர் மானம் கப்பலேறிவிடும். உதவியாளரைப் போனில் கூப்பிட்டார்.

"பெரியக்கா குடுவையைக் கொட்டிடறேன்."

"ஐயோ சார், எழுதினவங்க சீட்டுல கோடு போட்டு அடிக்காம கொட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"செத்தவ வந்து அடிப்பாளா?"

போனை வைத்தார். மூலையிலிருந்த கழிவுக் கேனில் குடுவையைக் கவிழ்த்தார். அவசரத்தில் உள்ளே பார்க்கவில்லை. பாதிக் கேன், நேற்று மிஞ்சிய சர்க்கரைக் கரைசல்.

ஒரு குமிழி வெடித்தது. பிறகு இன்னொன்று. இந்தக் குளிரில் நொதிக்காது, நொதிக்கவே கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கினார். நுரை கேனின் கழுத்துவரை எழும்பியது. வாசனை மூக்கில் ஏறித் தொண்டையில் அப்பிக்கொண்டது. பெரியக்காவின் அறைக் கதவை உடைத்த அன்று வந்த அதே வாசனை.

கதவுக்கு ஓடினார். கைப்பிடி அசையவில்லை. கத்தினார். சத்தம் வரவில்லை.

முழங்கால்கள் தாமாக மடங்கின. நெஞ்சோடு ஒட்டின. முதுகு வளைந்தது. இன்னும் இறுக்கமாக. இன்னும்.

கையில் காலிக் குடுவை. சீட்டில் அந்தப் பழைய தேதி, குறுக்கே ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, அதே சாய்ந்த எழுத்தில், அவர் பெயர். இன்றைய தேதி.

மை இன்னும் காயவில்லை.