செனட்டரும் சோப்பு டப்பாவும்

அமெரிக்காவின் ஹோல்டன் கவுண்டியில் வெண்டல் கிரைடரின் காதுக்குத் தப்பி ஒரு குற்றம்கூட நடந்ததில்லை.

பதினோரு வருடம். முப்பத்தேழு திருட்டு. நாலு தீவைப்பு. ஒரு கொலை. அத்தனையும் அவர் காதில் விழுந்த பிறகுதான் பேப்பரில் வந்தன.

விழுந்ததோடு சரி. ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அந்தக் குறையும் தீர்ந்திருக்க வேண்டும்...

"வீல்...!"

மேபெல் டைனர் உணவகத்தின் கல்லாப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல்.

"ஷ்ஷ்..." என்றார் வெண்டல், திரும்பிப் பார்க்காமல். "இங்க பரீட்சை நடக்குது."

மூலை மேஜையில் பன்னிரண்டு பேர். ஹோல்டன் கவுண்டி ஸ்கேனர் சங்கம். போலீஸும் ஆம்புலன்ஸும் காற்றில் பேசிக்கொள்வதைக் கைக்கருவியில் பிடித்துக் கேட்பதுதான் பொழுதுபோக்கு. பான்கேக்குகள் தொடுவாரில்லாமல் ஆறிக்கொண்டிருந்தன.

மேஜை நடுவில் இரண்டு ஸ்கேனர்கள்.

ஒன்று வெண்டலுடையது. எழுநூறு டாலர். கலர் திரை, தோல் உறை. பார்க்கக் கம்பீரமாக இருப்பதால் சங்கத்தில் அதன் பெயர் செனட்டர்.

இன்னொன்று டெல்மா ஃப்ரிட்ச் கொண்டுவந்தது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்தக் கருவிக்குத் திரைகூட இல்லை. அதன் பெயர் சோப்பு டப்பா.

சங்கத்தின் மாதப் பத்திரிகையில் 'வெண்டலின் தீர்ப்பு' என்று ஒரு பக்கம் வரும். எந்த ஸ்கேனரை வாங்கலாம், எதை வாங்கினால் மோசம் போவோம் என்று வெண்டல் அதில் அருள்வாக்கு சொல்வார். போன மாதம் செனட்டரை வானளாவப் புகழ்ந்திருந்தார். டெல்மா சிரித்துவிட்டார். இன்று ஓட்டெடுப்பு. செனட்டர் தோற்றால் அந்தப் பக்கம் டெல்மாவுக்கு.

வெண்டல் சொல்வதை யாராவது கேட்கிற ஒரே இடம் அந்தப் பக்கம்தான்.

"அடுத்து வர்ற போலீஸ் கால் எதுவோ, அதை எது தெளிவா சொல்லுதோ அது ஜெயிச்சது. சரிதானே?" என்றார் டெல்மா.

"சரி."

சோப்பு டப்பா தொண்டையைச் செருமியது.

"எல்லா வண்டிக்கும்... துப்பாக்கி முனையில கொள்ளை. மெயின் தெரு, மேபெல் டைனர். ஒரே ஆள். பச்சைத் தொப்பி. சமையல்காரர் சமையல்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டு ஃபோன் பண்றார்..."

செனட்டரும் பேசியது.

"எல்... டிக்... கொ... பெல்... க்ர்ர்ர்..."



"செனட்டருக்குப் பல் விழுந்துடுச்சா வெண்டல்?" என்றார் டெல்மா.

"'பெல்' வரைக்கும் வந்துச்சே. அது வந்தா போதும், விஷயம் தெரிஞ்சவன் புரிஞ்சுக்குவான்."

"மூணு ரேடியோ கோபுரம் ஒரே குரலை ஒரே நேரத்துல அனுப்புது. உன் ஆளு மூணையும் கேட்டுக் குழம்பிப் போறான். இவன் ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கறான். அவ்வளவுதான் சங்கதி."

"குரல்ல ஒரு கனம் இருந்துச்சு பாத்தியா? அது உன் டப்பாவுல வருமா?"

கடைசி நாற்காலியிலிருந்து ஆர்லோ மெல்லக் கையைத் தூக்கினார். சங்கத்தில் அவர் சொல் எடுபடுவதில்லை.

"மேபெல் டைனர்னா... நாம சனிக்கிழமை சனிக்கிழமை வருவோமே, அதுவா?"

"ஆர்லோ, குறுக்க பேசாதே."

அப்போது மேஜை மீது ஒரு நிழல் விழுந்தது. ஒரு கையில் புடைத்த காகிதப் பை. இன்னொரு கை கோட்டுப் பாக்கெட்டுக்குள்.

"சார்... இது போலீஸ் பேசறதைக் கேக்கற மெஷினா?"

வெண்டலின் முகம் மலர்ந்தது. புதுசாக ஒருவன் கேட்கிறான்! பார்வையைச் செனட்டரின் திரையிலிருந்து எடுக்காமலேயே நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க தம்பி. முதல்ல அலைவரிசைன்னா என்னன்னா..."

"நேரமில்ல சார். ரெண்டுல எது நல்லது?"

"இதுதான். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"கண்ணை மட்டும் மூடினா பத்தாது, காதையும் மூடிக்கணும்" என்றார் டெல்மா, சோப்பு டப்பாவின் ஆன்டெனாவைத் திருகிக்கொண்டே.

"அந்தம்மா சொல்றதை விடுங்க. நான் இதைப் பத்தி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கேன்."

"அப்போ இதையே எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டான். கதவு மணி கிணுங்கியது.

வெண்டல் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா? நடுநிலையான ஆளு. ரெண்டையும் பாத்தார். எதை எடுத்தார்?"

"எடுத்துக்கிட்டே போயிட்டார் வெண்டல்" என்றார் ஆர்லோ.

கல்லாவுக்கு அடியிலிருந்து பரிமாறும் பெண் ஜோலீன் எழுந்தாள்.

"அவன்தான் திருடன்... கல்லாவையே வழிச்சுட்டுப் போறான்... பன்னெண்டு பேர் குத்துக்கல்லாட்டம் உக்காந்து அவனுக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

"தொப்பி... பச்சையா?" என்றார் டெல்மா.

யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டு தலைகளும் சோப்பு டப்பாவின் மேல் கவிழ்ந்தன.

"மில் கிரீக் பாலத்துல நாலு வண்டியை நிறுத்துங்க... அந்தப் பக்கமாத்தான் வர்றான்..."

இதைக் கேட்டால் திருடன் வண்டியைத் திருப்பிவிடுவானே! அவன் கையில்தான் செனட்டர் இருக்கிறதே...

வெண்டலுக்கு வியர்த்தது. திருடன் பிடிபட வேண்டும். செனட்டரும் பேச வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொள்வது சிரமமாக இருந்தது.

நாலு நிமிடம்.

"ஆள் சிக்கிட்டான்."

அரை மணி நேரத்தில் போலீஸ் டெபுடி கார்வர் வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே செனட்டர்.

"அவன் முகத்தை யாராவது பாத்தீங்களா?"

தலைகள் குனிந்தன.

"கால் வந்தது ஒம்பது இருபத்தொண்ணு, நாப்பதாவது செகண்ட்" என்றார் ஆர்லோ. "அப்புறம், உங்க ரேடியோவுல பேட்டரி இறங்கிடுச்சு சார்."

கார்வர் பெருமூச்சு விட்டார்.

"இங்க வெண்டல்ங்கறது யாரு? தோல் உறையில பேர் இருக்கு. திருடன் ஒரு சேதி சொல்லச் சொன்னான். 'பாலம் வர்ற வரைக்கும் இது வாயையே திறக்கல. போலீஸ் இன்னும் கிளம்பலைன்னு நெனச்சு நிதானமா ஓட்டினேன். அந்தப் பெரியவரை நம்பினதுக்கு எனக்கு வேணும்'னான்."

டெல்மா காபியைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார்.

வெண்டல் எழுந்து நின்றார்.

"அப்போ திருடனைப் பிடிச்சது யாரு? என் செனட்டர். சோப்பு டப்பா அவன் கையில இருந்திருந்தா இந்நேரம் மாநில எல்லை தாண்டி இண்டியானாவுல இருப்பான். எந்த நேரத்துல பேசக்கூடாதுன்னு தெரிஞ்ச ஒரே ஸ்கேனர் இதுதான்."

"அதுவும் நியாயமாத்தான் படுது" என்றார் ஆர்லோ.

காகித நாப்கின்களைக் கிழித்து ஓட்டுப் போட்டார்கள். ரகசிய ஓட்டு. செயலாளர் என்ற முறையில் வெண்டலே எண்ணினார்.

சோப்பு டப்பா, பதினொன்று.

செனட்டர், ஒன்று.

எல்லோரும் வெண்டலைப் பாவமாகப் பார்த்தார்கள். கடைசிவரை தன் கட்சியை விட்டுக்கொடுக்காத மனிதர் என்று ஆர்லோ அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

செனட்டருக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு, டெல்மா போட்டது.