ஒன்பது மணிப் படம்

திங்கட்கிழமை வந்த படத்தில் பாலசமுத்திரத்தின் மேல் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. அங்கே மேகமே இல்லை என்று சற்று முன்புதான் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்.

விசாலாட்சி பூதக்கண்ணாடியை வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். 1967 பிப்ரவரி மாதம். அட்டுவம்பட்டிக்கு மேலே, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய மேக ஆராய்ச்சி நிலையத்தில், காலை ஒன்பது மணிக்குத் தலைக்கு மேல் கடந்துபோகும் செயற்கைக்கோள் அனுப்புகிற படத்தை இயந்திரம் ஈரக் காகிதத்தில் வரி வரியாகத் தீட்டும்போது, ஊசி உரசும் கிறீச்சொலியும் காகிதத்தின் புளித்த வாடையும் சன்னலுக்கு வெளியே நிற்கும் மூடுபனியின் குளிரும் சேர்ந்து அறையை நிறைத்துவிடும். அதே நேரத்தில் இரண்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அதைப் படத்தோடு ஒப்பிட்டு, எந்தச் சாம்பல் நிறத்துக்கு எவ்வளவு மேகம் என்று அளவு கட்டுவது அவள் வேலை. உலகம் முழுக்க மேகங்களை ஆராய்கிறவர்களுக்கு அந்த அளவு போகும்.

பாலசமுத்திரத்தில் பார்த்துச் சொல்பவர் வேலுச்சாமி வாத்தியார். ஆடலூரில் அவள் கணவன் ஞானவேல். கல்யாணமாகி எட்டு மாதம்.

"மெஷின்ல கோளாறு இருக்குமாண்ணே?"

இயந்திரத்தை ஓட்டும் சின்னச்சாமி படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "தொடச்சுத்தாம்மா வச்சேன். ஓரத்துல சாம்பல் பட்டை சரியா விழுந்திருக்கா? அது சரின்னா படமும் சரிதான்."

பட்டை சரியாகத்தான் விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் புள்ளி நெற்றிப் பொட்டளவு ஆகியிருந்தது. மலையடிவாரத்தை ஒட்டிக் கிழக்கே நகர்ந்திருந்தது. காற்றோ கிழக்கிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. எந்த மேகமும் காற்றை எதிர்த்துப் போகாது. விசாலாட்சி அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு நேராக ஆடலூருக்குப் போனது.

வேலுச்சாமி வாத்தியார் சரியாக ஒன்பதுக்குக் கூப்பிட்டார். எப்போதும் பேத்தியின் சளியிலிருந்து பள்ளிக்கூடத்து ஓடு வரை பேசிவிட்டுத்தான் வானத்துக்கு வருவார். அன்று எடுத்த எடுப்பில், "வானம் தெளிவா இருக்குங்க" என்றார்.

"சார், நேத்து உங்க ஊருக்கு மேல ஏதாச்சும்..."

"வானம் தெளிவா இருக்குங்க."

அதே ஏற்றம், அதே இறக்கம். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு விடுகிற மூச்சு.

புதன்கிழமை புள்ளி ஆடலூரின் மேல் இருந்தது.

"விசாலம், சாப்பிட்டியா?" ஞானவேலின் குரல் உற்சாகமாக இருந்தது. "இங்க வானம் சுத்தமா கெடக்கு. வெயில் சுள்ளுன்னு இருக்கு."

"உங்க தலைக்கு மேலதாங்க வெள்ளையா இருக்கு. கெட்டியா இருக்கு. அந்தக் கண்ணாடிக் குண்டைப் போய்ப் பாத்துட்டு வாங்க."

வெயிலை அளக்கும் குண்டு அது. வெயில் பட்டால், கீழே வைத்த அட்டையில் கருகலாக ஒரு கோடு விழும். அவன் சிரித்துக்கொண்டே போனான். காலடி ஓசை தேய்ந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது.

"அட்டை கருகவே இல்ல விசாலம்."

அவள் படத்தை அருகே இழுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றான் மெதுவாக. "முற்றத்துல என் நெழலைக் காணோம்."

"உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க. மேல பாக்காதீங்க!"

"இரு. இது ரொம்பப் பக்கத்துல இருக்கு."

"எதுங்க?"

"வானம்."

ஏதோ விழுந்து உருண்டது. நாய் ஒன்று ஒரே ஒரு தடவை குரைத்தது. பிறகு யாரோ தொலைபேசியைக் கையில் எடுத்தார்கள்.

"வானம் தெளிவா இருக்குங்க."

ஞானவேல் அவளிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அன்று முழுக்க ஆடலூருக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆளில்லை. மூடுபனி என்று மலைப்பாதையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "லைன் கெட்டிருக்கும்மா, வெள்ளனே ஜீப்புல போயிருவோம்" என்று சின்னச்சாமி சொன்னார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஜீப் கிளம்பவில்லை. சாவியைத் திருகத் திருக இருமிவிட்டு அடங்கியது. ஒன்பது மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. விசாலாட்சி ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடற்கரை வந்தது. சமவெளி வந்தது. ஆடலூர் வெறுமையாக இருந்தது. ஊசி மலைக்கு ஏறியது.

வெள்ளை. மூடுபனியின் சாம்பல் அல்ல, கெட்டி வெள்ளை, நிலையத்தின் மேலேயே.

அந்த நேரத்தில் சன்னல் பளிச்சென்று வெளுத்தது. நான்கு நாள் மூடுபனி ஒரு நொடியில் இல்லை.

"வெயில் வந்துருச்சும்மா!" சின்னச்சாமி கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"அண்ணே, வேண்டாம்!"

அவர் முற்றத்தின் நடுவில் போய் நின்றார். அண்ணாந்தார். கைகள் தொங்கின. வாய் திறந்தது. அவர் காலடியில் நிழல் இல்லை.

அவள் கதவை இழுத்துத் தாழ் போட்டாள். திரையை மூடினாள். மேஜைக்கடியில் போய் உட்கார்ந்தாள். வெளியே குருவிச் சத்தம் இல்லை. மரங்கள் அசையவில்லை. தன் பல் தந்தியடிப்பது மட்டும் கேட்டது.

கதவு தட்டப்பட்டது.

"விசாலம். நான்தான். கதவைத் தெற."

அவன் குரல்தான். களைத்த குரல்.

"எப்படிங்க வந்தீங்க?"

"நடந்தேன். ராவும் பகலுமா நடந்தேன். கால் எரியுது விசாலம்."

கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். செருப்பில்லாத பாதங்கள். முள்ளும் கல்லும் கிழித்து, ரத்தம் காய்ந்து, நகங்கள் பெயர்ந்திருந்தன. அந்தப் பாதங்களை அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே தாழை நீக்கினாள்.

ஞானவேல் நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் சரிவு முழுக்க ஆட்கள். அட்டுவம்பட்டிக்காரர்கள். பெண்கள், பிள்ளைகள், பால்குடத்தோடு ஒருவர். எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள். திறந்த வாய்களுக்குள் மேலேயிருந்து நூலிழை போல ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஞானவேலின் விரல்கள் அவள் முகவாயைத் தொட்டன. அவள் தூங்கும்போது தொடுவானே, அவ்வளவு மென்மையாக. அவள் முகத்தை மெல்ல, மெல்ல மேலே நிமிர்த்தின.

வெயிலில் கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பு தெரியும்.

மூடிய இமைக்குள் அவளுக்கு நீலம் தெரிந்தது.