எடுத்தவர் பெயர்

பண்டத்தரிப்பில் தக்சாயினி வாடகைக்கு எடுத்தது ஒரு பழைய கல்வீடு. தையல் மெசினை முன்னறையில் வைத்தாள், வாசல் படலையைச் சங்கிலி போட்டுக் கட்டினாள். கணவன் சுதாகரனின் அடிக்குப் பயந்து இதற்கு முன் இரண்டு வீடு மாறியவள் அவள். இரண்டையும் அவன் எப்படியோ கண்டுபிடித்து வாசலில் வந்து நின்றான். இப்போது அவன் செத்து ஏழு மாதம். இந்த மூன்றாவது வீட்டுக்கு அவள் ஓடி வரவில்லை, ஆறுதலாக நடந்தே வந்தாள்.

தைத்த சேலைச் சட்டைகளைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். கனடாச் சொந்தங்கள் அதைப் பார்த்துத்தான் ஓடர் கொடுப்பார்கள். சுதாகரனின் இலக்கமும் அந்தக் குழுவில் கிடந்தது. செத்தவனை வெளியே தள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை.

முதல் கிழமையே, உச்சி வெயிலில், ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அடுத்த மத்தியானம் படலைச் சங்கிலி தானாக ஆடியது. மூன்றாம் நாள் கிணற்றடியில் சுருட்டு மணந்தது.

அவனுடைய சுருட்டு.

இந்த வீடும் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க, போனை எடுத்துக்கொண்டு, சந்தியில் போன் கடை வைத்திருக்கும் தர்சிகாவிடம் ஓடினாள். தர்சிகா குழுவில் போட்ட ஒரு படத்தின் விவரங்களைத் திறந்தாள். எடுத்த நாள், நேரம், கீழே ஒரு வரைபடம்.

"அக்கா, உங்கடை வீடு அப்பிடியே கிடக்கு," என்று குரலைத் தாழ்த்தினாள். "சும்மா படமாய் அனுப்பினா உந்த இட விவரம் அழிஞ்சு போகும். நீங்கள் டொக்கியுமென்ற்றாய், முழுக் கோப்பாய் எல்லோ அனுப்புறியள்?"

"தெளிவாய்த் தெரியும் எண்டு கனடாவிலை இருக்கிற அண்ணைதான் சொன்னவர்."

தக்சாயினி பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முந்திய இரண்டு வீட்டுக்கும் அவனுக்கு வழி காட்டியது அவளுடைய கைதான். தர்சிகா கமெராவில் இட விவரத்தை நிறுத்தி, விவரங்களை அழிக்கவும் மாற்றவும் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் எடுத்த படத்திலும் வரைபடம் இருந்தது. புள்ளி வீட்டுக்குள் நின்றது.

சுருட்டு மணந்தது.

கழுத்தில் மூச்சுப் பட்டது.

 ஆனால் கோபம் பயத்தை முந்திக்கொண்டது. செத்த பிறகுமா துரத்துகிறான்? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செயலியைத் திறந்து, புள்ளியை இழுத்து, அவனை எரித்த சுடலையில் கொண்டுபோய் வைத்தாள். படத்தை அவன் இலக்கத்துக்கே டொக்கியுமென்ற்றாய் அனுப்பினாள்.

"இந்தா விலாசம். போ. நான் இனி வீடு மாற மாட்டன்."

மணம் போனது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அதிலிருந்து நாலாம் நாள் சிவப்புச் சட்டை ஒன்றைப் படமெடுத்தாள். அனுப்பமுன் விவரத்தைப் பார்த்தாள். இடம் வெறுமையாக இருந்தது. படம் எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் அவள் எழுதாத எழுத்து.

தக்சாயினி சுதாகரன்.

பின்பாதியை அழித்தாள். திரும்பத் திறந்தாள்.

தக்சாயினி சுதாகரன்.

"எழுது," என்றாள், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எனக்குக் கை நோகாது."

மறுபடி அழித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் பெயருக்குப் பக்கத்தில் 'சு' என்ற எழுத்து மெல்ல வந்து நின்றது.

அழிக்கும் பட்டனில் அவள் விரல் தயாராக இருந்தது.