ஒய்யாரி ஏறிய தோணி

பெரியகல்லாற்றில் கேதீஸ்வரியின் கடைக்குப் போனால் கல்யாண அட்டையும் அடிக்கலாம், ஓட்டோவுக்கு ஸ்டிக்கரும் வெட்டலாம். கடைக் கொம்பியூட்டரில் எத்தனையோ வகை எழுத்துகள் இருந்தன. ஆனால் கேதீஸ்வரியின் மகள் சுதர்சனாவின் கண்ணுக்கு அவற்றில் ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

அது ஒரு சாய்வெழுத்து. மெல்லிய கோடாகத் தொடங்கி, நடுவில் தடித்து, நுனியில் ஒரு குட்டிப் பாதம் ஊன்றி நிற்கும். வலப்பக்கம் சற்றே சாய்ந்து, பட்டுச் சேலையோடு கோயிலுக்கு விரைகிறவளைப் போல இருக்கும். சுதர்சனா அதற்கு ‘ஒய்யாரி’ என்று பெயரே வைத்துவிட்டாள்.

ஆசை யாரை விட்டது? போன மாதம் ஒருவர் ‘நாய் கவனம்’ என்று பலகை கேட்டார். சுதர்சனா அதையும் ஒய்யாரியில் அடித்துக் கொடுத்தாள். நாய் தன் கல்யாணத்துக்கு வரச்சொல்லி அழைப்பது போல இருந்தது என்று தெருவே சிரித்தது.

“இனிமே எழுத்த நான்தான் எடுப்பன்” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் அடுத்த தெருவிலிருந்து தனுசன் வந்தார். இத்தனை வருடமும் மற்றவர்களின் தோணியில் கூலிக்குப் போனவர், இப்போது சொந்தமாக ஒரு தோணி வாங்கியிருந்தார். மறுநாள் காலை அதை வாவியில் இறக்க வேண்டும். தோணியின் இரண்டு பக்கமும் நான்கு வயது மகள் வதனியின் பெயரை ஒட்ட வேண்டும்.

“அக்கா, எழுத்த மகள் எடுக்கட்டும். வடிவா எடுப்பா” என்றார்.

அம்மா பெருமூச்சு விட்டாள். சுதர்சனாவுக்கு உச்சி குளிர்ந்தது. எந்த எழுத்தை எடுத்தாள் என்று சொல்லவும் வேண்டுமா?

மாலையில் வாவிக்கரைக்குப் போய் அவளே ஒட்டினாள். முதலில் தோணியின் வலப்பக்கம். எழுத்துகள் தோணியின் முன்பக்கம் நோக்கிச் சாய்ந்திருந்ததால், கரையில் நின்றபடியே தோணி பாய்ந்து போவது போலிருந்தது. தனுசனுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்து இடப்பக்கம். ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தவள் திகைத்தாள். எழுத்து இங்கேயும் வலப்பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தோணியின் முன்பக்கம் இடக்கைப் பக்கம் அல்லவா இருக்கிறது? ஒய்யாரி பின்பக்கம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் வலை காயப்போட்ட வீரகத்தியார் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

“என்ன தனுசன், அந்தப் பக்கம் தோணி போகுது. இந்தப் பக்கம் திரும்பி வருகுது. நீ எதை நம்பி ஏறுவாய்?”

கரையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அது ஒண்டுமில்ல மகள். வடிவாத்தான் இருக்கு” என்றார் தனுசன்.

ஆனால் சற்று நேரம் கழித்து அவர் தோணியை மெதுவாகத் திருப்பி, அந்தப் பக்கம் தாழம்புதருக்குள் மறையும்படி நிறுத்தினார். சுதர்சனா அதைப் பார்த்துவிட்டாள். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிரவு கடையில் நடந்ததைக் கேட்ட அம்மா, கொம்பியூட்டரில் எழுத்தை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். ‘வதனி’ சேற்றில் வழுக்கி மல்லாக்க விழப்போவது போலிருந்தது.

“வேணாம் அம்மா, விழுந்திடும்” என்றாள் சுதர்சனா.

மேசையில் கல்யாண அட்டைகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதில் ஒய்யாரி அழகாகத்தான் இருந்தாள். அதே அட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். மெல்லிய கோடுகள் எல்லாம் காணாமல் போய்விட்டன.

“அம்மா, ஒய்யாரி கிட்ட வந்து கதைக்கிறவ. அக்கரைக்குக் கேக்கக் கூப்பிட அவவுக்குக் குரல் காணாது.”

“மறுகா என்ன செய்யலாம்?”

“நிமிந்து நிக்கிற தடிச்ச எழுத்தில வெட்டுங்க. ரெண்டு பக்கத்துக்கும்.”

“மரக்கட்டை எண்டு நீ திட்டுற எழுத்தையா?”

“எனக்குப் பிடிக்காட்டியும் தோணிக்குப் பிடிக்கும்” என்றாள். சொல்லும்போது கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, “உள்ளங்கை அளவில இன்னொண்டும் வெட்டுங்க அம்மா. அது ஒய்யாரியில” என்றாள்.

விடிந்ததும் கரைக்குப் போய்ப் பழையதை உரித்துப் புதியதை ஒட்டினாள். எழுத்துகள் இரண்டு பக்கமும் காலை ஊன்றி நிமிர்ந்து நின்றன. வீரகத்தியார் மறுபடியும் சுற்றி வந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.

தனுசன் துடுப்போடு ஏறி உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இருந்த பலகையில், கைக்கெட்டும் தூரத்தில், ஒய்யாரமாகச் சாய்ந்து இன்னொரு ‘வதனி’.

“இது என்ன மகள்?”

“அது ஊருக்கில்ல மாமா. நீங்க மட்டும் பாக்க.”

தனுசன் அந்த எழுத்தை விரலால் ஒருமுறை தடவினார். அவர் முகம் எவ்வளவு மலர்ந்தது என்பதைப் பார்த்த சுதர்சனாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

எல்லோரும் சேர்ந்து தோணியைத் தள்ளினார்கள். அது தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. குட்டி வதனி சுதர்சனாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா என்ட பேர எங்க கொண்டு போறார்?”

“மீன் பிடிக்க.”

“திருப்பிக் கொண்டு வருவாரா?”

“ஓம். வெளிய இருக்கிற ரெண்டும் தோணியோட வரும். உள்ளுக்கு இருக்கிறதுதான் அவரைக் கூட்டிக்கொண்டு வரும்.”