சிவப்பு மூச்சு

மாராக்காளுக்கு விரல் மூட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. சோதனையில் சிவப்பு காட்டிய மாட்டைக் கறவை எந்திரம் தொடாது. மடி கட்டிவிடுமே என்று மயிலைப் பசுவைக் கையால் கறந்து, பாலைக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மூச்சறிவான் கருவி வந்தபின் மாட்டுக் காசநோய்க்கு ஊசி போட்டுக் காத்திருக்கும் வேலை இல்லை. மாட்டின் மூக்கருகே பிடித்தால் போதும். பச்சை என்றால் பால் விற்கலாம். சிவப்பு என்றால் கழிப்பு வண்டி வந்து தானே தூக்கிக்கொள்ளும். உள்ளேயே ஊசி, உள்ளேயே சாம்பல். இந்த மாசம் ஊரில் ஒரு மாடும் பச்சை காட்டவில்லை. மிச்சம் இவள் மாடுதான். தொழுவத்து வாசல் படலைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தாள்.

ஆளில்லா வண்டியோடு ஆய்வாளர் செங்கோடன் வந்து நின்றார்.

"தொறந்து விடுங்கம்மா. உரியவர் சம்மதம் தேவையில்லைன்னு சட்டமே இருக்குது."

"அந்தச் சட்டத்த வந்து கறக்கச் சொல்லுங்க. இது நாச்சிமுத்தண்ணன் வாரத்துக்கு விட்ட மாடு. வவுத்துல இருக்கற கன்னு அவருக்கு, அடுத்த ஈத்துத்தான் எனக்கு. அவருக்குச் சாம்பலையா குடுக்கறது?"

"நோயி உங்களுக்கும் ஒட்டுமுங்க."

"ஒட்டட்டும். இன்னொருக்காப் பாருங்க. அப்பவும் சிவப்புன்னா என்னையும் சேத்து ஏத்திக்குங்க."

செங்கோடன் சலித்துக்கொண்டே படலைத் தாண்டி வந்தார். கருவியின் வாயில் தவிட்டுத் தூசி. எந்தத் தொழுவத்திலும் செய்வதுபோல வாயருகே வைத்து உஃப்பென்று ஊதினார்.

பசு இன்னும் நாலடி தள்ளித்தான் நின்றது. அவர் கையிலேயே சிவப்பு எரிந்தது.

வண்டியின் இரும்புக் கை படலைத் தாண்டி நீண்டு, அவர் இடுப்பை வளைத்தது.

"நிறுத்து, நான் ஆளு!"

"உரியவர் சம்மதம் தேவையில்லை" என்றது வண்டி.

கால் தரையைவிட்டு எழும்பியது. "புதுசாப் பச்சை காட்டுனா விட்டுருமுங்க. தொடச்சு மாட்டுக்கு வெய்யுங்கம்மா!"

மாராக்காள் கீழே விழுந்த கருவியை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். அவசரப்படவில்லை.

"எல்லா வூட்லயும் இப்படித்தான் ஊதுனீங்களா?"

பசுவின் மூக்கருகே பிடித்தாள். மயிலை நீளமாக மூச்சுவிட்டது. பச்சை.

இரும்புக் கை விட்டது. செங்கோடன் சாணியில் விழுந்தார், எழவில்லை.

"எனக்கு... நோயிங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆளுக்கு மாத்திரை தர்றாங்க. மாட்டுக்குத்தான் ஊசி."

அவள் சங்கிலியை அவிழ்த்து, படலைத் திறந்துவிட்டாள்.

"நாச்சிமுத்தண்ணனுக்கு நான் ஒரு கன்னு கடன். அது வவுத்துல இருக்குது, குடுத்துருவேன். நீங்க ஊதிச் சாம்பலாக்குன வகையில பொங்கியாத்தாளுக்கு ரெண்டு பசு கடன். குப்பணனுக்கு ஒரு சினை எருமை."