பூட்ஸுக்கு ஏற்ற கால்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது காலைப் பற்றிய கதை. இருட்டில் நடந்ததல்ல, சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நடந்தது. அதனால் விளக்கைத் தூண்டிவிட்டும் பிரயோசனமில்லை. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதையை நிறுத்த மாட்டேன், கையையும் விட மாட்டேன்.

ஜெர்மன்காரனோடு இரண்டாவது சண்டை மூளுவதற்கு முந்தின கோடை அது. ஆலங்காயத்துச் சந்தியாகப்பன் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜவ்வாது மலை ஏறிக்கொண்டிருந்தான். பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவன் பட்லர். அந்தத் துரைக்கு ஒரு பைத்தியம். வடக்கே இமயமலையில் எவனும் மிதிக்காத ஒரு பனி உச்சியை மிதித்துவிட வேண்டும். ஒரு தடவை போய்ப் பாதியில் திரும்பியாயிற்று. இப்போது மறுபடியும் புறப்பாடு.

நினைத்த மாத்திரத்தில் கிளம்பிவிட முடியுமா? சர்க்கார் பர்மிட் வேண்டும். துரை வாங்கிய பர்மிட்டில் ஒரு கண்டிப்பு இருந்தது. கூட வருகிற கூலி ஒவ்வொருவனுக்கும் கம்பளி, கறுப்புக் கண்ணாடி, அடியில் ஆணி வைத்த பூட்ஸ் இருப்பதைக் காட்டினால்தான் அவன் பேர் பட்டியலில் ஏறும். பூட்ஸ் இல்லாதவன் பனியில் இறங்கக்கூடாது. அந்த மாதிரி பூட்ஸ் சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும். துரை வீட்டில் மிச்சமிருந்தது போன தடவையின் ஒரு ஜோடிதான்.

"இந்த பூட்ஸுக்குப் பொருந்துகிற காலோடு ஒரு மலையாளைக் கொண்டு வா" என்றார் துரை. "கொண்டுவந்தால் நீ பட்லர் இல்லை, கூலிகளுக்கெல்லாம் மேஸ்திரி. வெறுங்கையோடு வந்தால் உன் மூட்டையைக் கட்டிக்கொள்."

சந்தியாகப்பன் யோசிக்கவே இல்லை. அந்த அளவுக் கால் எந்த வீட்டில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஏனென்றால் அது சின்னராசின் பூட்ஸ். நெல்லிவாசல் நாட்டுச் சின்னராசு. "மலைன்னா மலைதானே தொரை, எங்க ஆளு எந்த மலையும் ஏறுவான்" என்று அளந்துவிட்டு, பனி என்றால் புல்லில் நிற்கிற ஈரம் என்று மட்டும் தெரிந்த அந்த மனுஷனை வடக்கே அழைத்துப் போனவன் சந்தியாகப்பன்தான். போனவன் திரும்பவில்லை. 'ஓடிப்போய்விட்டான்' என்று எழுதிக்கொண்டார் துரை. செத்தான் என்று எழுதினால் அடுத்த பர்மிட்டுக்கு ஆயிரம் கேள்வி வரும். ஓடிப்போன கூலியைப் பற்றி எவன் கேட்பான்?

சின்னராசுக்கு ஒரு தம்பி உண்டு. சின்னதம்பி. அச்சில் வார்த்த மாதிரி அண்ணனின் கை, அண்ணனின் கால்.

சந்தியாகப்பன் நெல்லிவாசல் குடிசைகளை எட்டியபோது சூரியன் தலைக்கு நேர்மேலே இருந்தது. பாறை கொதித்தது. காய்ந்த புல்லின் வாசனையும், எங்கோ வெடித்துக் கிடந்த பலாப்பழத்தின் வாசனையும் காற்றே இல்லாமல் அப்படியே நின்றன. சின்னராசு வீட்டு வாசலில் அவன் பெண்சாதி செல்லி வடக்கே பார்த்து நின்றாள். அவள் காலடியில் ஒரு மண்சட்டியில் சாமைச்சோறு.

"மாமோவ்! சோறு போட்டாச்சு, வா மாமோவ்!"

அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். சேதி தெரியாமல் போனவருக்கு உச்சிப்பொழுதில் சோறு வைத்து, அவர் போன திசையைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு முடிகிறவரை அக்கம்பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்துவார்கள். கூப்பிடுகிற குரல் போய்ச் சேர வேண்டிய காதில் போய்ச் சேரட்டும், நடுவில் நாம் குரல் கொடுத்தால் வருகிறவர் நம்மைப் பிடித்துக்கொண்டு வருவார் என்பார்கள்.

ஊருக்கு வெளியாள் சந்தியாகப்பன். அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது. வந்த வேலைக்கு வீட்டாரைச் சிரிக்க வைப்பது நல்லது என்றும் தோன்றிற்று.

"வா மாமோவ்!"

"இதோ வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே புதருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

செல்லி திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ரத்தம் இல்லை.

"இன்னா வேலை பண்ணிட்டீங்கண்ணே" என்றாள், மெதுவாக.

"அட, தமாசுக்குச் சொன்னேன். நான் சேசுநாதரைக் கும்பிடுறவன் செல்லி, உங்க சடங்கு என்னை இன்னா பண்ணும்? சின்னதம்பி எங்கே?"

சின்னதம்பி கொல்லையிலிருந்து கொடுவாளைத் துடைத்துக்கொண்டே வந்தான். வந்தவன் முதல் வார்த்தையாக, "அண்ணன் சேதி எதுனா கீதாண்ணே?" என்று கேட்டான்.

"கீது. அதுக்குத்தானே இந்த வெயில்ல நாக்குத் தள்ள ஏறி வர்றேன்." சந்தியாகப்பன் செல்லியைப் பார்க்காமல் சொன்னான். "அங்க ஒரு பொம்பளையோட குடும்பம் பண்ணிக்கினு கீறான். கொழுத்துப் போய்ட்டான் உங்கண்ணன்."

செல்லி சோற்றுச் சட்டியை முந்தானையால் மூடினாள்.

"நான் வந்து கூப்ட்டா வந்துடுவாரு" என்றான் சின்னதம்பி. "அடிச்சாவது இழுத்துக்கினு வந்துடுவேன். எனக்கு வழி காட்டுவீங்களா?"

"உங்கண்ணன் படுத்துக்கினு கீற இடத்துக்கே கூட்டிக்கினு போறேன், வா."

அதைச் சொன்னபோது சந்தியாகப்பனின் நாக்கு கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை, கண்ணுகளா. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மூட்டையை அவிழ்த்தான். கறுப்புக் கண்ணாடியைச் சின்னதம்பி மூக்கில் மாட்டிவிட்டான். மணிலாக் கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்தான். "அங்க இப்படித்தான் போவணும். இந்த முனை எனக்கு, அந்த முனை உனக்கு. நீ வழுக்கினா நான் புடிப்பேன், நான் வழுக்கினா நீ புடிப்பே. அப்புறமா கட்டிக்கலாம், முதல்ல பூட்ஸைப் போட்டுப் பாரு." கயிற்றின் மறுமுனை தரையில் கிடந்தது.

சின்னதம்பி ஒரு காலை பூட்ஸுக்குள் விட்டான். சடக்கென்று வெளியே இழுத்துக்கொண்டான்.

"இன்னாடா? தேளா?"

"இல்லண்ணே." அவன் பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். "உள்ள விரல் கீது."

"இன்னாது?"

"கால் விரலு. ஆளோட விரலு. என் விரலை முட்டுது."

சந்தியாகப்பன் சிரித்தான். பூட்ஸைப் பிடுங்கிக் கவிழ்த்து உதறினான். ஒன்றும் விழவில்லை. "பாரு, காலியா கீது" என்று சொல்லித் தன் கையையே உள்ளே விட்டான்.

குளிர்.

இந்த மலையில் இல்லாத குளிர். எலும்புக்குள் ஊசி இறங்குகிற குளிர். அது அவனுக்குத் தெரிந்த குளிர்.

அந்தக் குளிரோடு வாசனையும் வந்தது. நனைந்த கம்பளி, மண்ணெண்ணெய் அடுப்பு, கருகின தோல். மேல் முகாமின் சின்னக் கூடாரம் கண்முன் வந்து நின்றது. அவனும் சின்னராசும் மட்டும் இருந்த கூடாரம். நனைந்த பூட்ஸை ஊரில் அடுப்பு ஓரத்தில் செருப்பைக் காய வைப்பதுபோல ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனான் சந்தியாகப்பன். விடிந்து பார்த்தால் அடித்தோல் பொரிந்து, இரண்டாய்ப் பிளந்து கிடந்தது. பூட்ஸ் இல்லாதவன் பனியில் இறங்கக்கூடாது. யாராவது வந்து மீட்கிறவரை கூடாரத்திலேயே கிடக்க வேண்டும். வெளியே காற்று ஊளையிட்டது. யார் வருவார்கள்?

சின்னராசு காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தான். அவன் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றுவது சிரமமாக இல்லை. பிளந்ததை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, தன் காலுக்குத் தொளதொளத்த அந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினான். பாதிச் சரிவில் பின்னாலிருந்து குரல் கேட்டது. "அண்ணே! சந்தியாகண்ணே!" குரல் வெகு நேரம் வந்தது. அவன் பதில் குரல் கொடுக்கவே இல்லை.

பூட்ஸுக்குள் இருந்த விரல்கள் அவன் விரல்களைப் பற்றின.

அலறிக்கொண்டு கையை உருவினான். விரல் நுனிகள் வெள்ளைவெளேரென்று, உணர்ச்சியே இல்லாமல் இருந்தன. "மாதாவே! மாதாவே!" மூட்டை, மேஸ்திரி வேலை, துரை எல்லாம் மறந்துபோயிற்று. ஒற்றையடிப் பாதையில் கீழே பார்த்து ஓடினான்.

கொஞ்ச தூரம்தான் ஓடினான்.

இடுப்பு வெடுக்கென்று பின்னால் இழுபட்டது.

திரும்பிப் பார்த்தான். தரையில் கிடந்த மறுமுனை தரையில் இல்லை. ஒரு ஆள் இடுப்பு உயரத்தில் நின்றது. சுற்றி முடிந்த வளையம்போல, உள்ளே யாருமில்லாமல், வெயிலில் நின்றது.

கயிறு விறைத்தது.

"சின்னதம்பி! அறுடா! கயித்தை அறுடா! உனக்குப் புண்ணியமாப் போவும்டா!" முடிச்சைப் பிய்த்தான். முடிச்சு கல்லாய் உறைந்துவிட்டது. மரத்துப்போன விரல்கள் அதன்மேல் மரக்குச்சிபோல வழுக்கின.

சின்னதம்பி கொடுவாளோடு ஓடி வந்தான். நல்ல பையன் அவன், யார் கூப்பிட்டாலும் ஓடுவான். அவன் கொடுவாளை ஓங்கினபோது செல்லி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு."

"அண்ணீ, ஆளு செத்துடுவாரு!"

"இருன்னேன்." அவள் சந்தியாகப்பன் முன்னால் குனிந்தாள். "ஓடிப்போனாராண்ணே?"

"இல்ல." அவன் பற்கள் கிட்டின. "இல்ல செல்லி. ஓடல."

"பொம்பளை?"

"பொய்யி. நான் பூட்ஸைக் கழட்டிக்கினேன். அவன் அங்கேயே, கூடாரத்துலயே... கூப்ட்டான். நான் திரும்பல. இப்ப அறுக்கச் சொல்லு தாயே, உன் காலைப் புடிக்கிறேன்."

அவன் நிஜமாகவே அவள் காலைப் பிடித்தான். செல்லி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி, மெதுவாகப் பிரித்துவிட்டாள்.

"இவனையும் அங்கதானே கூட்டிக்கினு போவ வந்தே?" என்றாள். மரியாதை போய்விட்டிருந்தது.

சந்தியாகப்பன் தலையைக் கவிழ்த்தான்.

செல்லி நிமிர்ந்தாள். கயிறு நின்ற அந்த வெற்றிடத்தைப் பார்த்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். புருஷன் எதிரில் நிற்கும்போது பெண்கள் செய்கிற மாதிரி.

"வெயில்ல நிக்காத மாமா" என்றாள். "வேலையை முடிச்சுட்டுச் சீக்கிரம் வா. சோறு ஆறுது."

கயிறு நகர்ந்தது. கீழே போகவில்லை. மேலே, பாறை உச்சியைப் பார்த்துப் போனது. சந்தியாகப்பன் குதிகாலை ஊன்றினான், வேரைப் பிடித்தான், புல்லைக் கடித்தான். அவனுக்கு முன்னால் கொதிக்கிற பாறைமேல் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. குதிகால் இருந்தது, உள்ளங்கால் இருந்தது. விரல்கள் இல்லை. விழுந்த சுவடு மறு நொடியே வெயிலில் காய்ந்தது.

அவன் குரல் வெகு நேரம் வந்தது. செல்லி திண்டாடின கொழுந்தனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். இருவரும் திரும்பிக் குரல் கொடுக்கவில்லை.

கடுக்காய் பொறுக்கப் போனவர்கள் அவனை உச்சிப் பாறையில் கண்டார்கள். உட்கார்ந்தபடியே இருந்தான். அடுப்புக் கல்போல் சுடுகிற பாறைமேல் அவன் கால்கள் கரியாய்க் கறுத்து, விரல்கள் காய்ந்த புளியங்கொட்டைபோல உதிர்ந்து கிடந்தன. மிஷன் ஆஸ்பத்திரியில் பனிநாடு பார்த்த ஒரு டாக்டர் இருந்தார். பிரேதத்தைப் பார்த்துவிட்டு, "இது பனி தின்ற கால். எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார். ஜவ்வாது மலை என்றதும் அறையை விட்டுப் போய்விட்டார்.

துரை? துரைக்கு என்ன? தேடி ஆள் அனுப்பவுமில்லை, சேதி கேட்கவுமில்லை. பட்லர் சந்தியாகப்பன் ஓடிப்போய்விட்டான் என்று எழுதிக்கொண்டு வேறு ஆட்களோடு வடக்கே ரயிலேறினார்.

சின்னதம்பி கலியாணம் கட்டி, அந்த மலையிலேயே சாமை விதைத்து நன்றாக இருந்தான். செல்லி அதற்கப்புறம் வாசலில் நின்று யாரையும் கூப்பிடவில்லை. உச்சிப்பொழுதில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். சிரித்த முகமாகத்தான் இருந்தாள் என்கிறார்கள். ஒரு நாள் கம்பு இரவல் கேட்கப் போன பக்கத்து வீட்டுக்காரி வசந்தி, அந்தக் கதவுச் சந்தில் பார்த்தாள். ஊரே வேர்த்துக் கொட்டுகிற அக்கினி நட்சத்திரம் அது. செல்லி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேசப் பேச அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

எதிரில் காலியாய் இருந்த இடத்திலிருந்தும் ஆவி வந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. பயந்துவிட்டீர்களா? உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போகிற கால் எதுவானாலும், போன சூட்டோடு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டார் குரல் கொடுத்தால், கேட்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறவர்களாக இருக்கட்டும். நன்றாகத் தூங்குங்கள்.